நிரம்பி வழியும் பீரோவும், உடுத்த ஒன்றுமில்லை என்ற முறையீடும்

 

"உடுத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை" என்ற முறையீடு எந்த வீட்டிலிருந்து எழுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு உடைகளை மாற்றி மாற்றித் துவைத்து உடுத்தும் வீட்டிலிருந்து அது எழுவதில்லை. எதை உடுத்துவது என்ற கேள்வியே அங்கே பிறப்பதில்லை. துவைத்துப் போட்டது காய்ந்துவிட்டதா என்பது மட்டுமே அங்குள்ள கேள்வி. கதவைத் திறந்தால் துணிகள் சரிந்து காலடியில் விழும் பீரோவின் முன்னால் நின்றுகொண்டுதான் நம்மவர்கள் அப்படி முறையிடுகிறார்கள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகும் வெள்ளை ஜுப்பாவைத் தேடும் தந்தை, மதரஸா வாகனம் வாசலில் நிற்கையில் தொப்பிக்காக வீட்டையே புரட்டும் பிள்ளை, எல்லோருடைய துணியும் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒரே ஆளாகிப் போன தாய். இக்காட்சி இன்று நம் வீடுகளில் அன்றாடமாகிவிட்டது.

இதற்கு மருந்து சொல்வதற்கென்றே இப்போது ஏராளமான காணொளிகள் வந்துவிட்டன. நிறவாரியாக அடுக்குங்கள் என்கிறார்கள். துணிகளைச் சுருட்டி வையுங்கள், தட்டுகளுக்கு இடையே தடுப்புகள் போடுங்கள், காற்றை உறிஞ்சி எடுக்கும் பைகளை வாங்கி அதில் திணியுங்கள் என்கிறார்கள். இவற்றுள் சில உத்திகள் பயனுள்ளவையே, மறுக்கவில்லை. ஆயினும், இவற்றை வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். நோய் துணி மிகுந்தது. மருந்தோ இடத்தைக் கூட்டுவது! ஷஅபானில் ஒரு பெட்டி வாங்கி, பீரோவில் ஒரு தட்டைக் காலியாக்கிவிட்டால், ரமளான் பிறை இருபத்தேழுக்குள் அந்தத் தட்டு மீண்டும் நிரம்பிவிடுகிறது. காலியிடத்தைப் பார்த்தால் வாங்கத் தோன்றுவது மனித இயல்பு. அடுக்கத் தெரிந்தவர்களின் வீட்டில் துணி குறைவாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல நேரங்களில் அவர்களிடம்தான் அதிகம் இருக்கிறது, அடுக்கத் தெரிந்ததால்!

ஆகவே, அளவைப் பற்றிப் பேசாமல் அடுக்கைப் பற்றி மட்டும் பேசுவது ஏமாற்று வேலை என்றே நாம் சொல்வோம். அளவு சரியாக இருந்தால் அடுக்குவதற்குப் பெரிய கலை எதுவும் தேவைப்படாது. அந்த அளவை எங்கே போய்த் தேடுவது என்று நாம் திகைக்கவும் வேண்டியதில்லை. நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் அதை நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசிவைத்திருக்கிறார்கள்.

ஹனஃபி மத்ஹபின் பெரும் சட்ட நூல்களுள் ஒன்று, டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் 'ரத்துல் முஹ்தார்'. அன்னார் கி.பி. 1836இல் மறைந்தார்கள். குர்பானி யார்மீது கடமை என்பதை விளக்கும் இடத்தில், முந்தைய அறிஞர்களின் கருத்தொன்றை அந்நூல் எடுத்துச் சொல்கிறது. ஒருவரிடம் மூன்று ஆடைத் தொகுதிகள் இருந்தால் அவை தேவைக்கு உட்பட்டவை. ஒன்று வீட்டில் சாதாரணமாக உடுத்துவதற்கு, மற்றொன்று வேலைக்கு, மூன்றாவது ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் பிறரைச் சந்திக்கச் செல்வதற்கும். நான்காவதாக ஒன்று இருந்து, அதன் மதிப்பு நிஸாபை எட்டினால், அவர் செல்வந்தர் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்!

இந்தச் சட்டத்தைச் சற்று நிதானித்துப் புரிந்துகொள்வது நல்லது. நான்காவது ஆடை வைத்திருப்பது ஹராம் என்று எவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் மார்க்கத்தில் இல்லாததைச் சேர்க்கிறார். சட்டம் சொல்வது வேறு. மூன்றாவது வரை உள்ளவை உம்முடைய தேவை, அவற்றைப் பற்றி உம்மிடம் கணக்கு இல்லை. நான்காவதிலிருந்து அது சொத்து, அதற்குக் கணக்கு உண்டு. உடுத்தும் துணிக்கு ஜகாத் இல்லை என்பதை நம்மில் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அதையே சாக்காக வைத்து, பீரோவுக்குள் போய்விட்ட எதற்கும் எந்தக் கணக்கும் இல்லை என்று ஒரு தவறான நிம்மதி பரவியிருக்கிறது. ஹனஃபி சட்டப்படி, கடன் போக, தேவைக்கு மிஞ்சிய பொருள்களின் மதிப்பு நிஸாப் அளவை (ஏறத்தாழ 612 கிராம் வெள்ளியின் விலையை) எட்டினால், அப்பொருளுக்கு ஜகாத் இல்லாவிட்டாலும், அவர்மீது ஃபித்ரா கடமையாகிறது, குர்பானி வாஜிபாகிறது, அவர் பிறரிடமிருந்து ஜகாத் வாங்கவும் கூடாது. "எங்களுக்கெல்லாம் குர்பானி எங்கே கடமை?" என்று சொல்லும் வீட்டின் பீரோவில் ஜரிகைப் புடவைகளும் கல் பதித்த லெஹங்காக்களும் ஒருமுறை உடுத்தி உறையிலிட்ட ஷெர்வானிகளும் தொங்குகின்றன. அவற்றின் விலைச்சீட்டுகளை ஒருமுறை கூட்டிப் பாருங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம். விற்றால் என்ன கிடைக்குமோ அந்த மதிப்பையே கணக்கிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இல்லையேல் வாங்கிய விலையைப் போட்டுப் பார்த்து வீணாக அஞ்சுவீர்கள்.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இதைப் படிக்கும் ஷாஃபி மத்ஹபுச் சகோதரர்கள் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும். உடுத்தும் ஆடை ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து வெளியேற்றாது. அலங்காரத்துக்காக வைத்திருப்பதும் அவ்வாறே என்பது அவர்களின் நூல்களில் உள்ள சலுகை. சலுகை உண்மைதான். அது ஏழையின் கண்ணியத்தைக் காக்கவே தரப்பட்டது. பெருநாளன்று உடுத்த ஒரு நல்ல துணி வைத்திருந்ததற்காக ஒருவனுக்கு ஜகாத் மறுக்கப்படக் கூடாது என்ற இரக்கம் அது. ஏழைக்காகத் தந்த இரக்கத்தைச் செல்வந்தரின் துணிக் கிடங்குக்கு உரிமமாகக் காட்டுவது எந்த மத்ஹபிலும் அழகில்லை.

இந்த மூன்று பிரிவுக்கும் ஹதீஸில் வேர் இருக்கிறது. வேலைக்குரிய உடையைத் தவிர ஜும்ஆவுக்கென்று தனியாக ஓர் உடையை, வசதியிருந்தால், வைத்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டிய செய்தி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் பதிவாகியுள்ளது. அழகிய ஏற்பாடு அல்லவா இது? உடையை நிறத்தால் பிரிக்கவில்லை, விலையால் பிரிக்கவில்லை. எந்த வேளைக்கு, எந்தச் சபைக்கு என்று பிரித்தார்கள். வேளையைக் கொண்டு பிரித்துவிட்டால், "இன்று எதை உடுத்துவது?" என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது.

நம் வீட்டுப் பீரோவுக்கு இதை அப்படியே பொருத்திக் கொள்ளலாம். கையெட்டும் தட்டு, கண்ணுக்கு நேராக உள்ள தட்டு அன்றாட உடைக்கு. அலுவலகமும் பள்ளிக்கூடமும் மதரஸாவும் செல்வதற்கான உடை அடுத்த தட்டில். ஜும்ஆ, பெருநாள், நிக்காஹ் உடைகள் மேலே அல்லது தொங்கும் பகுதியில். சல்வாரை ஓரிடத்திலும் கமீஸை ஓரிடத்திலும் துப்பட்டாவை வேறோரிடத்திலும் வைப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மூன்றையும் ஒரே மடிப்பாக மடித்து, துப்பட்டாவை வெளியே சுற்றிவைத்தால் ஒரே கையில் ஓர் உடை முழுதாக வந்துவிடும். ஜுப்பாவுடன் அதற்குரிய பைஜாமாவையும் தொப்பியையும் ஒரே ஹேங்கரில் மாட்டிவிடுங்கள். புர்காவும் ஹிஜாபும் அதற்குரிய ஊசிகளும் பீரோவுக்குள் போகவே வேண்டாம். வாசலுக்கருகே ஓர் ஆணி போதும். பெண்கள் தொழும்போது அணியும் உடை, முஸல்லா விரிக்கும் இடத்திலேயே இருக்கட்டும். அது பீரோவின் அடியில் கிடப்பதால் வக்து தள்ளிப்போன தொழுகைகளை எண்ணிப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

பிள்ளைகளின் துணியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்குத் தானாக உடுத்தத் தெரியவில்லை" என்று குறைசொல்லும் தாய்மார்கள் பலர். கீழ்த் தட்டை அவர்களுக்குக் கொடுங்கள். ஏழு வயதில் தொழுகையை ஏவும்படி கட்டளையிடப்பட்டிருக்கிறோம். தொழுகைக்கு முன்னால் உடையும் உடையின் தூய்மையும் வருகின்றன. ஏழு வயதுப் பிள்ளை தன் துணியைத் தானே எடுத்து, தானே மடித்து வைக்கக் கற்பதும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதிதான். மதரஸாவில் நாங்கள் இதை நாள்தோறும் பார்க்கிறோம்: தொப்பியைத் தானே எடுத்துவரும் பிள்ளை கிதாபையும் தானே எடுத்துவருகிறது.

இங்கே காணொளிக்காரர்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அழுக்குக் கூடை இரண்டு இருக்க வேண்டும். நஜீஸ் பட்ட துணிக்கு ஒன்று. வெறும் வியர்வை அழுக்குக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டு, ஈரமும் ஈரமும் சேர்ந்த பிறகு, "இதில் பட்டிருக்குமோ, அதில் பட்டிருக்குமோ" என்ற ஐயத்தில் தொழுகை நேரத்தில் துணி மாற்றி அலைக்கழியும் சகோதரிகள் எம்மிடம் அடிக்கடி சட்டம் கேட்கிறார்கள். சட்டம் சொல்லலாம், ஆனால் ஒரு கூடை வாங்கினால் கேள்வியே எழாது.

இவ்வளவும் ஒரு நாள் பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. முடியவில்லை என்றால், துணி அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். ஏன் மிஞ்சியது?

பெண்களைச் சாடுவதற்கு இந்த இடத்தில் பலரும் முந்திக்கொள்வார்கள். பயான்களிலும் அது எளிதாகக் கைகூடும் நகைச்சுவை. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். நம் சமுதாயத்தில் துணி பெருகியதற்குப் பெரும் காரணம் நிகழ்ச்சிகள் பெருகியதே. நிகழ்ச்சிகளைப் பெருக்கியவர்கள் ஆண்களும்தான். நிக்காஹும் வலீமாவும் என்று எளிமையாக முடிந்த திருமணம் இன்று நிச்சயம், மருதாணி, நலங்கு என்று நாள்கணக்கில் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அறிவிக்கிறார்கள். மணமகளின் தோழியர் அனைவரும் ஒரே நிறம். சித்திமார், மாமிமார் அனைவரும் வேறொரு நிறம். ஆட்டோ ஓட்டி மூன்று பெண்மக்களை வளர்க்கும் ஓர் உறவினர், அண்ணன் மகளின் மருதாணிக்கு அந்த நிறத்தில் மூன்று உடைகளுக்கு எங்கே போவார்? போகாவிட்டால் கௌரவக் குறைவு, போனால் கடன். அந்த உடை அதன்பின் ஒருநாளும் உடுத்தப்படுவதில்லை. வாட்ஸ்அப் நிலைத்தகவலில் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம்! பார்த்த துணியை மீண்டும் உடுத்துவது இழுக்கு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பிறரின் பார்வைக்காகவும் பேருக்காகவும் அணியும் ஆடையைப் பற்றிக் கடுமையான எச்சரிக்கை ஹதீஸ்களில் வந்துள்ளதே, அதை அறியாதவர்களா நாம்? நிறம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்துவது ஜமாஅத் நிர்வாகிகளுக்குக் கடினமான காரியமல்ல. திருமணப் பதிவேட்டில் எத்தனையோ நிபந்தனை போடுகிறார்கள். "அழைப்பில் உடை நிறம் குறிப்பிடக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை ஏழை உறவினர்கள் துஆச் செய்வார்கள்!

ஆண்களின் பீரோவும் சுத்தமில்லை. வளைகுடாவிலிருந்து வரும் ஒவ்வொருவரும் கொண்டுவரும் தோப்புகள், உம்ராவுக்குச் சென்றவர் தந்த ஜுப்பாக்கள், கம்பெனி பெயர் பொறித்த சட்டைகள், கல்யாண வீட்டில் கிடைத்த வேட்டிகள். எம்மைப் போன்ற உலமாக்களின் வீட்டில் ஜுப்பாத் துணி தைக்கப்படாமலேயே அடுக்கடுக்காக இருக்கும். பட்டமளிப்பிலும் மீலாது மேடையிலும் பொன்னாடைக்குப் பதிலாக இப்போது அதைத்தான் தருகிறார்கள். வருவது அன்பளிப்பு, மறுப்பதற்கில்லை. வந்ததை வைத்துப் பூட்டுவது நம் செயல்.

இதற்கெல்லாம் எதிராக நம்மவர்கள் எடுத்துவைக்கும் வாதம் ஒன்று உண்டு: அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபிமொழி இருக்கிறதே? இருக்கிறது; ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மற்றொரு செய்தியும் உண்டு. ஒட்டகம், ஆடு, குதிரை என எல்லா வகைச் செல்வமும் பெற்றிருந்த ஒரு தோழர் கந்தலான உடையில் வந்தபோது, அல்லாஹ் தந்த அருட்கொடையின் அடையாளம் உன்மீது தெரியட்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைத் திருத்தினார்கள். ஆகவே, பற்றற்ற வாழ்வு என்ற பெயரில் கசங்கிய ஜுப்பாவும் கறை படிந்த காலருமாக மிம்பரில் ஏறுவோருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அருட்கொடையின் அடையாளம் அந்த மனிதர்மீது தெரிய வேண்டும் என்றார்கள். பூட்டிய பீரோவுக்குள் அந்துருண்டையோடு கிடக்கும் துணி யார்மீது தெரிகிறது? அணியப்படும் ஆடைதான் அழகு. படுக்கை விரிப்பைப் பற்றிய ஒரு நபிமொழியும் முஸ்லிமில் உள்ளது. கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, மூன்றாவது விருந்தாளிக்கு. நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்று அதில் எண்ணி முடிக்கிறார்கள். எண்ணிக்கையைவிடத் தேவையே அதன் கருத்து என்று அறிஞர்கள் விளக்கியுள்ளார்கள். பிள்ளைகள் நிறைந்த வீட்டுக்கு அதிகம் தேவைப்படும். தேவை முடிந்த இடத்தில் உரிமை யாருக்குப் போகிறது என்று சொன்ன விதம் மட்டும் நெஞ்சை உறுத்துகிறது.

சரி, மிஞ்சியதை என்ன செய்வது? "ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறோமே" என்கிறார்கள். நாம் இக்கட்டுரையை எழுதப் புகுந்ததே இந்தப் பதிலுக்காகத்தான்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை அழித்த பின், நாடெங்கிலுமிருந்து நிவாரணமாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. பிள்ளைகளையும் பெற்றோரையும் கடலில் பறிகொடுத்து நின்ற மக்களுக்கு முன்னால் அந்தத் துணிகள் கொட்டப்பட்டன. பெரும்பகுதியை அவர்கள் தொடவில்லை. சாலையோரங்களில் குவியல் குவியலாக அவை கிடந்து, மண்ணோடு மண்ணாயின. நன்றி கெட்டவர்கள் என்றுகூட அவர்களைச் சிலர் பேசினார்கள். தொடாததில் என்ன தவறு? உழைத்து உண்ட மக்கள் அவர்கள். துயரம் வந்ததால் தன்மானம் போய்விடுவதில்லை.

நம் வீட்டில் "கொடுக்கும் துணி" என்று ஒதுக்கிவைத்த மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். பொத்தான் அறுந்த சட்டை. ஜிப் பழுதான சுடிதார். குழம்புக் கறை போகாத கைலி. அக்குளில் நைந்த ரவிக்கை. கீழாடை தொலைந்த மேலாடை. பீரோவில் இடம் வேண்டும் என்பதற்காக வெளியேற்றிய குப்பைக்கு ஸதகா என்று பெயர் சூட்டி, அதற்கு மறுமையில் கூலியும் எதிர்பார்க்கிறோம்! அல்பகரா அத்தியாயத்தின் 267ஆவது வசனத்தை ஓதாதவர் யார்? தமக்கு யாரேனும் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்க முடியும் என்ற தரத்திலுள்ளதைத் தேடி எடுத்து அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க வேண்டாம் என்று அவ்வசனம் தடுக்கிறது. பீரோ ஒழுங்கு செய்யும் நாளில் அந்த வசனத்தை வைத்துத்தான் துணியைப் பிரிக்க வேண்டும். கையிலெடுத்த துணியைப் பார்த்து, "இதை என் சகோதரி மகளுக்குப் பெருநாளைக்கு யாரேனும் கொடுத்தால் எனக்கு முகம் சுளிக்குமா?" என்று கேளுங்கள். சுளிக்கும் என்றால் அது கொடுக்கும் துணியல்ல, துடைக்கும் துணி.

கொடுப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொள்ள ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று போதும், புகாரியில் இருக்கிறது. ஒரு பெண்மணி தம் கையால் நெய்த கரை வைத்த போர்வையொன்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார்கள். நபியவர்களுக்கு அது தேவையாயிருந்தது. அணிந்துகொண்டு சபைக்கு வந்தார்கள். ஒருவர் அதன் அழகைப் பார்த்து, தமக்குத் தரும்படி கேட்டுவிட்டார். நபியவர்கள் உள்ளே சென்று, அதை மடித்து, அவருக்கு அனுப்பிவைத்தார்கள். கேட்டவரை மற்றவர்கள் கடிந்துகொண்டதும், தாம் இறக்கும்போது கபனாக வேண்டும் என்றே கேட்டதாக அவர் சொன்னதும், அவ்வாறே அது அவருக்குக் கபனானதும் எல்லோரும் அறிந்ததே. நம் கண்ணில் படாமல் போவது ஒரு சிறு சொல்: மடித்து. புத்தம் புதிது, தமக்குத் தேவையானது, அன்றுதான் அணிந்தது. அதையும் மடித்துக் கொடுத்தார்கள். நாமோ கசங்கியதைச் சுருட்டி, பாலித்தீன் பையில் திணித்து, வேலைக்கு வரும் அம்மாவின் கையில் கொடுத்து, "வேண்டாததை எறிந்துவிடு" என்றும் சொல்கிறோம்.

துவைத்து, பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, மேலாடையும் கீழாடையும் துப்பட்டாவும் சேர்த்து முழு உடையாகக் கொடுங்கள். பெருநாளுக்கு மறுநாள் கொடுக்காதீர்கள். பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். அளவு சரியில்லையென்றால் பிடித்துத் தைத்துக்கொள்ள அவர்களுக்கும் நேரம் வேண்டும். தையற்கூலியையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. புதிதாகவே இருக்கும் ஒரு திருமண உடையை, நிக்காஹ் நிச்சயமான ஓர் ஏழைப் பெண்ணின் தாயிடம் பிறர் அறியாமல் சேர்ப்பித்தால், அந்த வீட்டுக் கடனில் ஒரு பகுதி குறையும்.

"மகளுக்கு ஆகுமே, பேத்திக்கு ஆகுமே" என்று வைத்திருப்போர் பட்டின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடக்கும் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுக் கிழிகிறது; ஜரிகை காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கிறது. பேத்தி அதைத் தொடும்போது மடிப்புக்கு மடிப்பு பிளந்திருக்கும். நினைவுக்கென ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், சில மாதங்களுக்கொருமுறை பிரித்து மாற்றி மடியுங்கள். மற்றவை உயிரோடு இருக்கும்போதே ஒருவர்மீது ஏறட்டும்.

ஆண்களின் பீரோவில் கிடக்கும் பட்டு வேட்டிக்கு வேறு சட்டம். நான்கு விரல் அகலத்துக்கு மேற்பட்ட அசல் பட்டு ஆண்களுக்கு ஆகாது என்பது தெரிந்தும், சம்பந்தி வீட்டுச் சீர் என்பதற்காக அது பத்திரமாக இருக்கிறது. பட்டுக் கலந்த ஓர் ஆடை தமக்கு வந்தபோது அலி (ரலி) அவர்கள், நபியவர்களின் முகத்தில் அதிருப்தியைக் கண்டு, அதைப் பங்கிட்டுத் தம் வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். கத்தரிக்கோல் நம் வீட்டிலும் இருக்கிறது.

கொடுக்கத் தகாத பழந்துணியைக் குப்பையில் எறிவதும் நமக்கு அண்மையில் வந்த பழக்கம்தான். நம் பாட்டிமார் எந்த வேட்டியையும் அப்படி விட்டதில்லை. நைந்த கைலி பிறந்த பிள்ளைக்குப் பஞ்சினும் மெல்லிய துணியாகும். பிறகு தலையணை உறையாகும். அதன்பின் அடுப்படியில் கரித்துணியாகும். ஒரு துணிக்கு மூன்று ஆயுள். அந்த வீடுகளில் பீரோவே இல்லை. ஒரு தகரப் பெட்டியும் ஒரு கொடிக்கயிறும்தான். "போட ஒன்றுமில்லை" என்று எவரும் சொன்னதாகக் கேட்டதில்லை.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் இறப்புப் படுக்கையில் இருந்தார்கள். நோயில் உடுத்தியிருந்த ஆடையில் குங்குமப்பூக் கறை இருந்தது. அதையே துவைத்து, அதனுடன் இன்னும் இரண்டு துணி சேர்த்துத் தமக்குக் கபனிடும்படி மகளார் ஆயிஷா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். இது பழையதாயிற்றே என்றார்கள் மகளார். இறந்தவரைவிட உயிரோடிருப்பவரே புதுத் துணிக்கு அதிகம் உரிமையுள்ளவர் என்ற கருத்தில் பதிலளித்தார்கள், முஸ்லிம்களின் முதல் கலீஃபா. தம் கபனைக்கூட உயிரோடிருக்கும் ஒருவரின் பங்காக எண்ணிப் பார்த்தவர்கள் அவர்கள்.

நோன்புக் கஞ்சிக்கு அரிசி சேர்ப்பதுபோல, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஷஅபான் மாதத்தில் துணி சேர்க்க ஓர் ஏற்பாடு செய்யலாம் என்று கருதுகிறோம். மதரஸாவின் ஓர் அறை போதும். தையல் தெரிந்த சகோதரிகள் இருவர் கூலிக்கு அமர்ந்து பழுது பார்க்கட்டும். அதுவே அவர்களுக்கு ஒரு மாத வருமானம். அளவுவாரியாகத் தொங்கவிட்டு, தேவையுள்ளோர் வந்து தமக்குப் பிடித்ததைத் தாமே தெரிந்தெடுத்துச் செல்லட்டும். வீட்டுக்குத் தேடிப்போய்த் திணிக்க வேண்டாம், வருவோரின் படமும் எடுக்க வேண்டாம். இந்த ஆண்டு எடுக்கும் புத்தாடைகளுக்குத் தட்டில் இடம் தேடும் முன், சென்ற ஆண்டுப் பெருநாள் துணியில் ஒன்றை எடுத்து அதன் பொத்தானைச் சரிபாருங்கள்.